பெருக்கல் கணக்கு: ஏழைப் பள்ளிகளை முழுசாகத் திருத்துவது பற்றி

ஒரு தொடக்கப் பள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். 400 பிள்ளைகள். அதில் 300 பேர் வறுமையான வீடுகளில் இருந்து வருகிறவர்கள். மூன்றாம் வகுப்பு முடிக்கும்போது பாதிப் பேருக்கு ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க வராது. அரசாங்கம் இந்தப் பள்ளிக்கு வருஷா வருஷம் கூடுதலாக ஒரு தொகை தருகிறது. நீங்கதான் முடிவெடுக்கணும். அதை எப்படிச் செலவழிப்பீங்க?

உடனே தோணுகிற பதில்: வாசிக்கத் திணறும் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, அவங்களுக்குத் தனியா ஒரு டீச்சர் போட்டு, தினமும் அரை மணி நேரம் சொல்லிக் கொடுக்கலாம். இன்னொரு பதிலும் இருக்கு: பாதிப் பள்ளி திணறுதுன்னா கோளாறு பிள்ளைகளிடம் இல்லை, பள்ளி நடக்கிற விதத்தில் இருக்கு. அதனால் மொத்தப் பள்ளியையும் சேர்த்துத் திருத்தணும்.

அமெரிக்கா 1965-ல் இருந்து இந்த ரெண்டையும் பெரிய அளவில் செய்து பார்த்திருக்கு. நிறையப் பணம் போட்டிருக்கு, நிறைய அளந்தும் வைத்திருக்கு. அதனால்தான் நாம் படிக்க வேண்டிய கதை இது. இரண்டாவது பதில்தான் சரி என்று சட்டமே ஒப்புக்கொண்ட பிறகும் ஏன் பெரும்பாலான பள்ளிகள் நகரவே இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் வந்தது பிள்ளையைத் தேடிப் போன பணம்

1965 ஏப்ரலில் அதிபர் லிண்டன் ஜான்சன் தொடக்க, இடைநிலைக் கல்விச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். வெள்ளை மாளிகையில் அல்ல, டெக்சாஸில் தான் சின்ன வயசில் படித்த ஓரறைப் பள்ளியில், தன் முதல் டீச்சரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. அவரே ஒரு காலத்தில் வாத்தியார். 1928-ல் கொட்டுலா என்ற ஊரில் மெக்சிகோ வம்சாவளிப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர். பசியோடு வகுப்புக்கு வரும் பிள்ளைகளை நேரில் பார்த்தவர்.

அந்தச் சட்டத்தின் முதல் பாகத்துக்கு 'டைட்டில் ஒன்' என்று பெயர். வறுமை அதிகம் உள்ள பள்ளிகளுக்கு ஃபெடரல் அரசு தரும் கூடுதல் நிதி. தொடக்கத்தில் வருஷத்துக்குச் சுமார் 1 பில்லியன் டாலர். சமீப வருஷங்களில் 18 பில்லியனுக்கும் மேல்.

ஆரம்பத்தில் விதிகள் தளர்வாக இருந்தன. பள்ளி மாவட்டங்கள் இந்தப் பணத்தைப் பொதுச் செலவோடு கலந்துவிட்டன. 1969-ல் ரூபி மார்ட்டின், ஃபிலிஸ் மெக்லூர் என்ற இரண்டு பேர் எழுதிய அறிக்கை, ஏழைப் பிள்ளைகளுக்கு வந்த பணம் அவங்களுக்குப் போய்ச் சேரவில்லை என்பதை ஊர் ஊராக எடுத்துக் காட்டியது. அதுக்கப்புறம் விதிகள் இறுகின. உதவி பெறத் தகுதியுள்ள பிள்ளை யார் என்று பட்டியல் போடு, அந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் செலவு செய், ஆடிட்டில் அதை நிரூபி என்றார்கள்.

விதி சரிதான். ஆனா பள்ளிக்குள்ளே அது எடுத்த உருவம் விசித்திரமானது. கணக்குக் காட்ட எளிதான வழி, பட்டியலில் உள்ள பிள்ளைகளை வகுப்பில் இருந்து எழுப்பி வேறு அறைக்குக் கூட்டிக்கொண்டு போவது. அங்கே ஒரு தனி டீச்சர் அல்லது உதவியாளர், தனிப் புத்தகம், தனிப் பயிற்சித் தாள். அந்த அரை மணி நேரத்தில் வகுப்பில் என்ன நடந்ததோ அதை அந்தப் பிள்ளை இழந்தான். தனி அறை டீச்சருக்கும் வகுப்பு டீச்சருக்கும் பல இடங்களில் பேச்சே கிடையாது. ஒருவர் ஒரு முறையில் எழுத்துக்கூட்டச் சொல்லித் தருவார், மற்றவர் வேறு முறையில். ஏற்கெனவே குழம்பியிருக்கிற பிள்ளைதான் அதிகக் குழப்பத்தைச் சந்தித்தான்.

அப்புறம் பள்ளியைத் தேடிப் போன பணம்

400-ல் 300 பேர் ஏழைகள் என்றால், யாரைப் பட்டியலில் சேர்ப்பது, யாரை விடுவது? இந்தக் கேள்வி கேலிக்கூத்தாகிற இடம் அது. 1978-ல் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்தது. 75 சதவீதத்துக்கு மேல் ஏழைப் பிள்ளைகள் உள்ள பள்ளி, பணத்தை மொத்தப் பள்ளிக்கும் செலவழிக்கலாம். ஆனா பட்டியலில் இல்லாத பிள்ளைகளுக்கு ஈடாக மாவட்டம் தன் சொந்தப் பணத்தைப் போடணும். சொந்தப் பணம் எங்கே இருக்கு? அதனால் ரொம்பக் கொஞ்சப் பள்ளிகள்தான் அந்தக் கதவு வழியா நுழைந்தன.

1988-ல் அந்த ஈட்டுப் பண நிபந்தனை போனது. 1994-ல் வரம்பு 50 சதவீதத்துக்கு இறங்கத் தொடங்கியது. 2002 ஜனவரியில் கையெழுத்தான சட்டத்தில் 40 சதவீதம் ஆனது. 2015-ல் வந்த சட்டம் 40-க்குக் கீழே உள்ள பள்ளிகளும் மாநிலத்திடம் விலக்குக் கேட்கலாம் என்றது. விதிவிலக்காகப் பிறந்த ஏற்பாடு இப்போது வழக்கமாகிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பதிலாகச் சட்டம் கேட்பது மூன்று விஷயங்கள். ஒன்று, பள்ளியின் தேவைகளை முழுசாக ஆராயணும். இரண்டு, அந்த ஆய்வை வைத்து ஒரு திட்டம் எழுதணும். பெற்றோர், ஆசிரியர், தலைமை ஆசிரியர், மாவட்ட அலுவலகம் எல்லாரும் அதில் இருக்கணும். மூன்று, திட்டம் வேலை செய்ததா என்று பார்த்துத் திருத்திக்கொண்டே இருக்கணும். திட்டம் தீட்டுவதற்கு ஒரு வருஷம் எடுத்துக்கொள் என்கிறது சட்டம் (மாவட்டம் சம்மதித்தால் குறைக்கலாம்). இந்த ஒரு வருஷம் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி தேவைப்படும்.

வறுமையை எப்படி அளக்கிறாங்க? பெரும்பாலும் மதிய உணவை வைத்து. குடும்ப வருமானம் வறுமைக் கோட்டின் 130 சதவீதத்துக்குள் இருந்தால் சாப்பாடு இலவசம், 185 சதவீதம் வரை சலுகை விலை. எத்தனை பிள்ளைகள் இந்தப் பட்டியலில் இருக்காங்களோ அதுதான் பள்ளியின் வறுமை எண். வசதியான அளவுகோல், ஆனா முரட்டு அளவுகோல். வேலை கொஞ்சம் குறைந்த குடும்பத்துப் பிள்ளையும், வீடே இல்லாமல் காரில் தூங்கி எழுந்து வரும் பிள்ளையும் இதில் ஒரே எண்தான். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிசு என்பதைச் சிகாகோ காட்டும்.

திட்டம் எங்கே முதலில் தவறும்?

தேவை ஆய்வு என்ற சொல் பார்க்க எளிமையா இருக்கு. ஆனா பாதித் திட்டங்கள் இங்கேயே விழுந்துவிடும், ஏன்னா தீர்வைத் தேவை என்று எழுதிவிடுவார்கள். 'எங்களுக்கு ஒரு வாசிப்புப் பயிற்சியாளர் தேவை', 'எங்களுக்கு 60 டேப்லெட் தேவை'. இது தேவை இல்லை, கொள்முதல் பட்டியல். தேவை என்பது இன்று இருக்கிற நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் நடுவில் உள்ள தூரம். அந்தத் தூரம் ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் வாங்குகிற பொருள் எதுவானாலும் அது சூதாட்டம். எங்க தொழிலில் இதைத் தினமும் பார்க்கலாம்: லாக் ஃபைலைத் திறந்தே பார்க்காமல், சர்வர் மெதுவா இருக்குன்னு புது சர்வர் கேட்பார்கள்.

நம்ம கற்பனைப் பள்ளிக்கே வருவோம். மூன்றாம் வகுப்பில் பாதிப் பேருக்கு வாசிக்க வரவில்லை. ஏன்? முதல் ஏன், வருகைப் பதிவேட்டைப் பார்க்கணும். அமெரிக்காவில் பள்ளி வருஷம் சுமார் 180 நாள். அதில் 10 சதவீதம், அதாவது 18 நாள் வராத பிள்ளையை நாள்பட்ட வருகைக் குறைவு உள்ளவர் என்று கணக்கு வைப்பார்கள். மாசத்துக்கு ரெண்டு நாள்தான். பெரிசாத் தெரியாது. ஆனா எழுத்துக்கூட்டப் பழகும் முதல் வகுப்பில் 18 நாள் போனால், ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் வகுப்பு நகர்ந்து போயிருக்கும்.

அடுத்த ஏன், அவங்க ஏன் வரவில்லை? ஏழைப் பேட்டைகளில் ஆஸ்துமா ஒரு பெரிய காரணம். பஸ்ஸைத் தவறவிட்டால் கொண்டுவந்து விட வீட்டில் கார் இல்லாதது இன்னொன்று. வாடகை கட்ட முடியாமல் வருஷ நடுவில் வீடு மாறி, பள்ளியும் மாறுவது மற்றொன்று. இதுக்கு மேல் ஒரு ஏன் இருக்கு: வந்த நாட்களில் என்ன நடந்தது? ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு முறையிலும், இரண்டாம் வகுப்பு டீச்சர் வேறு முறையிலும் வாசிக்கச் சொல்லித் தருகிறார்களா? போன வருஷம் இருந்த டீச்சர்களில் எத்தனை பேர் இந்த வருஷம் இருக்காங்க?

கடைசிக் கேள்வியை ரொம்பப் பேர் கேட்பதில்லை. அனுபவம் கூடின ஆசிரியர்கள் மெல்ல மெல்ல வசதியான பள்ளிகளுக்கு மாற்றல் வாங்கிப் போவார்கள், ஏழைப் பள்ளியில் புதுசா வந்தவர்கள் மிஞ்சுவார்கள். அனுபவம் கூடினால் சம்பளமும் கூடும். ஆக, ஒரே மாவட்டத்தில் பணக்காரப் பேட்டைப் பள்ளிக்குச் சத்தமில்லாமல் கூடுதல் சம்பளப் பணம் போகிறது. ஏழைப் பள்ளிக்கும் மற்றப் பள்ளிக்கும் மாவட்டம் சமமாகச் செலவு செய்யணும் என்று டைட்டில் ஒன் விதி இருக்கு. ஆனா அந்த ஒப்பீட்டில் அனுபவத்தால் வரும் சம்பள வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று அதே விதி சொல்கிறது. பள்ளி எவ்வளவு நல்ல திட்டம் எழுதினாலும் இந்த ஓட்டையை அது மட்டும் தனியா அடைக்க முடியாது. மாவட்டமும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டிய இடம் இது.

ரெடிமேட் திட்டங்களின் காலம்

எல்லாப் பள்ளியும் தானே யோசித்துத் திட்டம் எழுத முடியுமா, ஏற்கெனவே சோதித்த ஒரு முழுத் திட்டத்தை வாங்கி மாட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் 1990-களில் வலுத்தது. அதற்கு முன்னோடிகள் இருந்தார்கள். மனநல மருத்துவர் ஜேம்ஸ் கோமர் 1968-ல் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் இரண்டு பள்ளிகளில் தொடங்கிய முறை, பெற்றோர், ஆசிரியர், உளவியலாளர் மூவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, பிள்ளையின் வளர்ச்சியில் இருந்து பள்ளியை யோசித்தது. ராபர்ட் ஸ்லேவினும் அவர் குழுவும் 1987-ல் பால்டிமோரில் தொடங்கிய 'சக்ஸஸ் ஃபார் ஆல்' நேர் எதிர்க் குணம் கொண்டது. எல்லாமே எழுதி வைக்கப்பட்ட திட்டம். தினமும் 90 நிமிஷம் வாசிப்பு. அந்த நேரத்தில் பிள்ளைகள் வகுப்பு வாரியாக இல்லாமல், வாசிக்கும் திறன் வாரியாகப் பிரிந்து உட்காருவார்கள். சுமார் எட்டு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து இடம் மாற்றுவார்கள். பின்தங்கிய பிள்ளைக்குத் தனிப் பயிற்சி. குடும்பங்களைக் கவனிக்க ஒரு குழு.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விதி ஒன்று உண்டு. ஒரு பள்ளி இந்தத் திட்டத்தை எடுக்கணும்னா, ஆசிரியர்களில் 80 சதவீதமாவது ரகசிய வாக்கெடுப்பில் சம்மதிக்கணும். மேலே இருந்து உத்தரவு போட்டு இறக்கினால் எது நடக்கும், எது நடக்காது என்று தெரிந்தவர்கள் வைத்த விதி.

1998-ல் ஃபெடரல் அரசு இப்படிப்பட்ட முழுப்பள்ளித் திட்டங்களுக்காக 150 மில்லியன் டாலர் ஒதுக்கியது. ஒரு பள்ளிக்கு வருஷத்துக்குக் குறைந்தது 50,000 டாலர். ஜெஃப்ரி போர்மனும் கூட்டாளிகளும் 29 திட்டங்களைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் சேர்த்து 2003-ல் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். சராசரி விளைவு சிறிசு, ஆனா நிஜம். 29-ல் மூன்றுக்குத்தான் வலுவான ஆதாரம் இருந்தது. சக்ஸஸ் ஃபார் ஆல், கோமர் முறை ரெண்டும் அதில் உண்டு. இன்னொரு முக்கியமான விஷயம், ஐந்து வருஷத்துக்கு மேல் அதே திட்டத்தில் நின்ற பள்ளிகளில்தான் விளைவு நல்லாத் தெரிந்தது.

ஐந்து வருஷம்! அங்கேதான் சிக்கல். டென்னசி மாநிலத்தின் மெம்ஃபிஸ் நகரம் 1995-ல் இருந்து தன் பள்ளிகளில் இப்படிப்பட்ட திட்டங்களை வேகமாக இறக்கியது, நாடே உதாரணமாகப் பேசியது. புதுக் கண்காணிப்பாளர் வந்தார், 2001-ல் எல்லாவற்றையும் நிறுத்தினார். பலன் தெரிய வேண்டிய வயதை எட்டும் முன்னே பல பள்ளிகளில் கதை முடிந்தது.

சிகாகோ சொன்ன கணக்கு

1987-ல் அமெரிக்காவின் கல்விச் செயலர் வில்லியம் பென்னட், நாட்டிலேயே மோசம் சிகாகோ பள்ளிகள்தான் என்றார். 1988-ல் இல்லினாய்ஸ் மாநிலம் ஒரு துணிச்சலான சட்டம் போட்டது. ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு உள்ளூர்க் குழு. 6 பெற்றோர், பேட்டை மக்கள் 2 பேர், ஆசிரியர்கள் 2 பேர், தலைமை ஆசிரியர். தலைமை ஆசிரியரை நான்கு வருஷ ஒப்பந்தத்தில் நியமிப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தையும் பட்ஜெட்டையும் ஒப்புக்கொள்வதும் அந்தக் குழுதான். அதாவது நூற்றுக்கணக்கான பள்ளிகள் ஒரே நேரத்தில், ஒரே சட்டத்தின் கீழே, தங்கள் சொந்தத் திட்டத்தோடு ஓட ஆரம்பித்தன. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1990-ல் தொடங்கிய ஆய்வுக் கூட்டமைப்பு இதை உட்கார்ந்து அளந்தது. ஆந்தனி பிரைக்கும் நான்கு சக ஆய்வாளர்களும் எழுதிய புத்தகம் 2010-ல் வந்தது.

சில பள்ளிகள் நல்லா முன்னேறின. பக்கத்திலேயே, அதே மாதிரிப் பிள்ளைகள் படிக்கும் சில பள்ளிகள் அப்படியே நின்றன. என்ன வித்தியாசம்? ஐந்து விஷயங்களை அவர்கள் பிரித்தெடுத்தார்கள்: தலைமை, பெற்றோருடனும் பேட்டையுடனும் உறவு, ஆசிரியர்களின் திறனும் கூட்டு உழைப்பும், பிள்ளைக்குப் பாதுகாப்பும் ஊக்கமும் தரும் சூழல், வகுப்புக்கு வகுப்பு தொடர்பு அறுந்து போகாத பாடத்திட்டம்.

இந்தப் பட்டியலில் புதுசா ஒன்றும் இல்லையேன்னு தோணும். எனக்கு முக்கியமாகப் பட்டது அவை சேரும் விதம். இந்த ஐந்தும் பலமாக உள்ள பள்ளி, பலவீனமாக உள்ள பள்ளியைவிட வாசிப்பிலும் கணக்கிலும் நல்ல முன்னேற்றம் காண்பதற்கான வாய்ப்பு குறைந்தது 10 மடங்கு. அதே நேரத்தில், ஐந்தில் ஒன்றே ஒன்று பலவீனமாக இருந்தாலும் முன்னேறும் வாய்ப்பு 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது.

இது கூட்டல் கணக்கில் வராது. நான் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்குப் போட்டேன் (இது என் விளக்கம், அவர்களுடைய சூத்திரம் அல்ல). ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 1 வரை மதிப்பெண். ஐந்திலும் 0.9 வாங்கிய பள்ளியும், நான்கில் 0.9 வாங்கி ஒன்றில் மட்டும் 0.1 வாங்கிய பள்ளியும் இருக்கு. கூட்டினால் 4.5-ம் 3.7-ம். பெரிய வித்தியாசம் இல்லை, ரெண்டாவது பள்ளியும் பரவாயில்லை என்போம். பெருக்கினால்? முதல் பள்ளி 0.59. இரண்டாவது 0.066. ஒன்பதில் ஒரு பங்கு.

நல்ல பாடத்திட்டம் இருக்கு, நல்ல டீச்சர்கள் இருக்காங்க, ஆனா பிள்ளைகள் தாழ்வாரத்தில் நடக்கவே பயப்படுகிறார்கள் என்றால் மற்றதெல்லாம் வீண். எல்லாம் இருக்கு, தலைமை ஆசிரியர் மட்டும் வருஷா வருஷம் மாறுகிறார் என்றாலும் அதே கதி. பெரும்பாலான திட்டங்கள் கூட்டல் கணக்கில் எழுதப்படுகின்றன. ஏற்கெனவே நல்லா இருக்கிற ஒன்றை இன்னும் கொஞ்சம் மெருகேற்றுவார்கள், ஏன்னா அது வசதி, யாருக்கும் மனஸ்தாபம் இல்லை. பெருக்கல் கணக்கு வேறு மாதிரி சொல்லும்: இருப்பதிலேயே சின்ன எண் எது, அதைத் தொடு. அந்தச் சின்ன எண்தான் பெரும்பாலும் யாரும் பேச விரும்பாத விஷயமாகவும் இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் நம்பிக்கை. பிரைக்கும் பார்பரா ஷ்னைடரும் 2002-ல் எழுதிய புத்தகத்தில் ஒரு கணக்கு வரும். ஆசிரியர், பெற்றோர், தலைமை ஆசிரியர் இவர்களுக்குள் நம்பிக்கை பலமாக உள்ள பள்ளிகளில் இரண்டில் ஒன்று முன்னேறியது. பலவீனமான பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான்.

வறுமை எண் முரட்டு அளவுகோல் என்று சொன்னேனே, அது இங்கே வருது. சிகாகோவில் கிட்டத்தட்ட எல்லாப் பள்ளியும் ஏழைப் பள்ளிதான். ஆனா எல்லாம் ஒரே மாதிரி ஏழை இல்லை. கோயில், குடிமக்கள் சங்கம், ஒருவருக்கொருவர் தெரிந்த தெரு என்று ஏதாவது ஒரு பிடிமானம் இருந்த பேட்டைகளில் சுமாரான பலம் உள்ள பள்ளிகூட முன்னேறியது. குற்றம் மிகுந்து, அடித்துத் துன்புறுத்தப்பட்ட அல்லது கைவிடப்பட்ட பிள்ளைகள் அதிகமாகப் படித்த இடங்களில் அதே சுமாரான பலம் போதவில்லை. அங்கே ஐந்தும் ரொம்பப் பலமாக இருந்தால்தான் நகர்ந்தது. 'ஏழைப் பள்ளிக்கான திட்டம்' என்று ஒரே அச்சில் வார்க்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் தேவையில்லை.

அவசரத்தின் விலை

2009-ல் பொருளாதார மீட்புச் சட்டம் பள்ளி மேம்பாட்டு மானியத்துக்கு 3 பில்லியன் டாலரைக் கொட்டியது. மொத்தத்தில் அந்தத் திட்டத்துக்கு 7 பில்லியன் டாலர் போல ஆனது. மாநிலத்தின் மிக மோசமான பள்ளிகளுக்கு, ஒரு பள்ளிக்கு வருஷத்துக்கு 2 மில்லியன் டாலர் வரைக்கும், மூன்று வருஷம். நிபந்தனை, நான்கு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும். பள்ளியை மூடு. வேறு நிர்வாகத்திடம் கொடு. தலைமை ஆசிரியரையும் குறைந்தது பாதி ஆசிரியர்களையும் மாற்று. அல்லது தலைமை ஆசிரியரை மாற்றி, பயிற்சி, மதிப்பீடு, கூடுதல் நேரம் என்று சீர்திருத்து.

2017 ஜனவரியில் கல்வித் துறையின் ஆய்வுப் பிரிவு மதிப்பீட்டை வெளியிட்டது. தேர்வு மதிப்பெண், பள்ளி முடிப்பவர்கள் எண்ணிக்கை, கல்லூரி சேர்க்கை எதிலும் குறிப்பிடத்தக்க விளைவு இல்லை.

இதை வைத்து, பணம் போட்டு எந்தப் பிரயோஜனமும் இல்லைன்னு சொல்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். கலிஃபோர்னியாவிலும் மாசசூசெட்ஸிலும் தனித்தனியாகச் செய்த ஆய்வுகளில் அதே மானியம் பெற்ற பள்ளிகள் நல்ல முன்னேற்றம் காட்டின. நாடு முழுக்கச் சராசரி எடுத்தபோதுதான் அது கரைந்து போனது. பணம் ஒரே பணம்தான், அது போய் விழுந்த பள்ளிகளின் நிலைதான் வேறு வேறு. திட்டம் தீட்ட ஒரு வருஷம் என்று டைட்டில் ஒன் சட்டம் சொன்னதை ஞாபகம் வைக்கச் சொன்னேன். இங்கே முதல் சுற்றில் பல பள்ளிகளுக்கு மானியம் உறுதியானதற்கும் வகுப்புகள் தொடங்கியதற்கும் நடுவில் சில மாசங்கள்தான் இருந்தன. நான்கு வழிகளும் பள்ளிக்குள் காலை வைக்கும் முன்னே எழுதப்பட்டவை. பாதி ஆசிரியர்களை மாற்றுவது, வேலை செய்யாத டீச்சர்கள் நிறைந்த பள்ளிக்கு மருந்தாகலாம். நம்பிக்கை குலைந்திருக்கிற பள்ளிக்கு அதே மருந்து விஷமாகலாம். மாற்று ஆசிரியர் கிடைக்காத கிராமப்புறப் பள்ளிக்கு அது வெறும் காலி நாற்காலி.

அப்போ நல்ல திட்டம் எப்படி இருக்கும்?

ஒரு பள்ளியின் திட்டம் உங்க கையில் கிடைத்தால், அது பள்ளியை நகர்த்துமா, அலமாரியில் தூங்குமா என்று கண்டுபிடிக்க நான் கேட்கும் கேள்விகள் இவை.

1. அதில் எத்தனை முன்னுரிமை இருக்கு? இரண்டு, மூன்று என்றால் யாரோ யோசித்திருக்காங்க. பதினைந்து என்றால், யார் மனசும் நோகாமல் எல்லாருடைய ஆசையையும் எழுதியிருக்காங்க.

2. ஒவ்வொரு முன்னுரிமைக்கும் முன்னால் ஒரு 'ஏன்' இருக்கா? எண் மட்டும் போதாது. 'வருகை 88 சதவீதம்' என்பது தகவல். 'திங்கட்கிழமைகளில் ஒரு குறிப்பிட்ட பஸ் தடத்துப் பிள்ளைகள் வருவதில்லை' என்பது காரணத்துக்குப் பக்கத்தில் போன தகவல்.

3. பலவீனமான விஷயம் எது என்று பெயர் சொல்லி எழுதியிருக்கா? எல்லாவற்றிலும் சுமாராக இருக்கிறோம் என்று எழுதின திட்டம், எதையும் பார்க்காத திட்டம்.

4. வேறு வேறு நிதிகள் ஒரே வேலைக்காகச் சேர்ந்திருக்கா? மொத்தப் பள்ளித் திட்டத்தின் பெரிய சலுகையே, ஃபெடரல், மாநில, உள்ளூர்ப் பணத்தை ஒரே பானையில் போடலாம் என்பதுதான். ஆடிட்டுக்குப் பயந்து பல பள்ளிகள் அதைப் பயன்படுத்துவதே இல்லை. தனித்தனிப் பணம், தனித்தனி வேலை என்று பழைய பழக்கத்திலேயே போகும்.

5. மார்ச் மாசம் வரைக்கும் காத்திருக்காமல், அக்டோபரிலேயே தெரியக்கூடிய அளவு ஒன்று இருக்கா? வருஷக் கடைசித் தேர்வு முடிவு பிரேதப் பரிசோதனை மாதிரி. எட்டு வாரத்துக்கு ஒருமுறை பிள்ளைகளைச் சோதித்து இடம் மாற்றின முறை ஜெயித்ததில் ஆச்சரியம் இல்லை.

6. தலைமை ஆசிரியர் நாளைக்கு மாற்றலாகிப் போனால் இந்தத் திட்டம் உயிரோடு இருக்குமா? மெம்ஃபிஸ் கேட்கிற கேள்வி இது. பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் அது சொந்தமாக இருந்தால் பிழைக்கும். ஒரு அதிகாரியின் பெயரில் இருந்தால் அவரோடு போய்விடும்.

இந்த ஆறும் சரியாக அமைந்தாலும் ஒரு பள்ளியால் வறுமையை ஒழிக்க முடியாது. வாடகை, ஆஸ்துமா, அப்பா அம்மாவின் இரவு ஷிஃப்ட் இதெல்லாம் பள்ளியின் சுவருக்கு வெளியே இருக்கு. ஆனா சிகாகோவின் கணக்கு சொல்வதும் அதே அளவு உண்மை: ஒரே மாதிரி வறுமையில், ஒரே நகரத்தில், ஒரு பள்ளி நகர்ந்தது, ஒன்று நின்றது. வித்தியாசம் சுவருக்கு உள்ளே இருந்தது.

திட்டம் தீட்ட ஒரு வருஷம், பலன் தெரிய ஐந்து வருஷம். அதிகாரிகளுக்கு இது தாங்க முடியாத நீளம். ஆனா முதல் வகுப்பில் சேரும் ஒரு பிள்ளைக்கு அந்த ஐந்து வருஷம்தான் மொத்தத் தொடக்கப் பள்ளியும். நடுவில் திட்டத்தைக் கலைத்துவிட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும்போது, பள்ளிக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கும். அந்தப் பிள்ளை அதற்குள் ஆறாம் வகுப்புக்குப் போயிருப்பான்.